கூலன்ட்: பக்கெட்டில் ஊற்றுவதா, குழாயில் அனுப்புவதா?

உலோகம் வெட்டும் மெஷினில் சூட்டைத் தணிக்க ஓடும் நீர்க்கலவைதான் கூலன்ட். மெஷினுக்கு மெஷின் தனித்தொட்டி என்றால், கூலன்ட் குறையும்போதெல்லாம் பக்கெட்டைத் தூக்க வேண்டும். கோளாறு தொடங்குவது அங்கேதான். ஆவியாவது பெரும்பாலும் தண்ணீர்; எஞ்சுவது கெட்டியாகும். அவசரத்தில் ஆளாளுக்கு ஊற்றினால் ஒரு மெஷினில் செறிவு 3 சதவீதம், பக்கத்தில் 10 என்று நிற்கும். நீர்த்துப்போனால் துருவும் நாற்றமும். கெட்டியானால் பாவம், ஆபரேட்டரின் கைதான் எரியும்.

மையத் தொட்டியிலிருந்து குழாயில் அனுப்பினால் கலவை எங்கும் ஒன்றே. வடிகட்டுவதும் ரிஃப்ராக்டோமீட்டரில் (செறிவு அளக்கும் கருவி) பார்ப்பதும் ஓரிடத்தில் முடியும். ஆனால் அங்கே பாக்டீரியா பெருகினால் எல்லா மெஷினுக்கும் பரவும்.

அலுமினியமும் வார்ப்பிரும்பும் தனித்தனி கூலன்டில் ஓடும் சின்ன ஷாப்புக்குத் தனித்தொட்டியே சரி. சேர்க்கும் கலவையையாவது ஒரே இடத்தில் அளந்து தயாரியுங்கள். ஒரே வேலை வரிசையாக ஓடும் இடத்துக்குக் குழாய்தான்.