ஜோன்ஸ்டவுன் இணைய ஆவணக் காப்பகம்: ஒரு மதிப்புரை

ஒரு தலைவரையோ நிறுவனத்தையோ கண்ணை மூடிக்கொண்டு நம்புபவரை ‘கூல்-எய்டைக் (ஒரு வகைப் பானப்பொடி) குடித்துவிட்டவர்’ என்று குறிப்பிடும் அமெரிக்க வழக்கு, அரசியல் விவாதங்களிலும் அலுவலகக் கூட்டங்களிலும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானா நாட்டிலுள்ள ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில், ஜிம் ஜோன்ஸ் தலைமையிலான ‘மக்கள் ஆலயம்’ என்ற சமயச் சபையினர் நஞ்சு கலந்த பானத்தால் கூட்டமாக மாண்டதிலிருந்து பிறந்த தொடர் அது. மாண்டவர்களுக்கு அது இழைக்கும் அநீதியை அறிய விரும்புவோர், சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் ஆதரவில் இயங்கும் ஜோன்ஸ்டவுன் ஆவணக் காப்பகத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

1998இல் இதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சமயவியல் பேராசிரியர் ரெபெக்கா மூர், தம் சகோதரிகள் இருவரை அங்கே பறிகொடுத்தவர். உயிர் தப்பியவர்கள், உறவினர்கள், ஆய்வாளர்கள் எழுதிய, ஒன்றையொன்று மறுக்கும் கட்டுரைகளும்கூட இங்கே அருகருகே இடம்பெறுகின்றன. எது சரி என்று தீர்ப்பு வழங்காமல் வாசகரிடமே விட்டுவிடும் இந்தப் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

காப்பகத்தின் உயிர்நாடி, இறந்த 918 பேரின் பெயர்ப்பட்டியல்தான். குடியிருப்பில் மட்டும் 909 பேர் இறந்தனர். அருகிலிருந்த விமானத் தளத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐவருள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனும் ஒருவர். மாண்டவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள்; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் 18 வயது நிரம்பாதவர்கள். கைக்குழந்தைகளின் வாயில் ஊசிக்குழலால் நஞ்சு பீய்ச்சப்பட்டது. சுற்றிலும் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நின்றனர். சயனைடு கலக்கப்பட்டது பெரும்பாலும் ஃப்ளேவர்-எய்ட் என்ற வேறொரு பானப்பொடியில்தான் என்று சிலர் திருத்துவதுண்டு. பெயரை மாற்றுவதால் குறை தீராது; ‘குடித்தார்’ என்ற வினைச்சொல்லே, விரும்பி ஏற்றதாகப் பொய் சொல்கிறது.

இதற்கு மறுக்க முடியாத சான்றாக, இறுதிக் கூட்டத்தின்போது பதிவான சுமார் 44 நிமிட ஒலிநாடாவும் அதன் எழுத்துப்படியும் இங்கே கிடைக்கின்றன. கிறிஸ்டின் மில்லர் என்ற பெண்மணி, எல்லோரும் சோவியத் நாட்டுக்குச் சென்றுவிட முடியாதா என்று வினவி, குழந்தைகள் வாழத் தகுதியுடையவர்கள் என்று ஜோன்ஸிடம் நேருக்கு நேர் வாதிடுவதையும், கூட்டத்தினர் அவரைக் கூச்சலிட்டு அடக்குவதையும் அதில் காணலாம். அத்தனை பேர் நடுவே தனியொருத்தியாக எழுந்து மறுத்தவரையும், வாய் பேசத் தெரியாத சிசுக்களையும், குருட்டு நம்பிக்கைக்கு உவமையாக்குவதை என்னால் ஏற்க இயலவில்லை.

குறைகளும் உண்டு. ஆவணங்கள் மலைபோல் குவிந்திருப்பதால், புதிதாக வருபவர் எங்கே தொடங்குவதென்று திகைக்க நேரும். ஆங்கிலம் நன்கு தெரிந்திருக்கவும் வேண்டும். பயன்படுத்தக் கட்டணம் ஏதுமில்லை. முதலில் பெயர்ப்பட்டியலையும், அடுத்து எழுத்துப்படியையும் படிப்பது நல்லது. ஒலிப்பதிவில் குழந்தைகளின் அழுகுரல் கேட்பதால், அதைத் தவிர்த்துவிட்டு எழுத்தில் படித்தாலே போதுமானது. வீட்டில் சிறுவர்கள் இருக்கும் நேரத்தில் அதை ஒலிக்கவிட வேண்டாம்.