வடையா, பசையா, விஷமா, பூனையா: எலிக்கு எது சரி?

பரணில் நள்ளிரவு உருட்டல் கேட்கத் தொடங்கியதும் வீட்டில் நான்கு கட்சிகள் முளைத்துவிடும். பாட்டி பொறிக்கூண்டு என்பார், அப்பா எலி மருந்து என்பார், கடைக்காரர் பசை அட்டையை நீட்டுவார், குழந்தைகள் பூனை கேட்பார்கள். எலி எந்தக் கட்சியிலும் சேராமல் அரிசி மூட்டையைக் கவனித்துக்கொண்டிருக்கும். என் ஓட்டு பாட்டிக்கே.

எலி சந்தேகப் பிராணி. வழக்கமான பாதையில் புதுப் பொருள் ஒன்று தென்பட்டால் சில நாட்கள் அந்தப் பக்கமே வராது. இது தெரியாமல்தான் பலர் முதல் இரவே எலி விழவில்லை என்று பொறியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கூண்டின் கதவைத் திறந்தபடி கட்டி வைத்து, இரண்டு மூன்று இரவுகள் உள்ளே விருந்து போடுங்கள். சம்பந்தி வீட்டுக்கு வருவதுபோல எலி உரிமையோடு வந்துபோகத் தொடங்கிய பிறகு கட்டை அவிழ்க்கலாம். கூண்டை நடுக் கூடத்தில் வைக்காதீர்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும், கூண்டும் சுவரோரம்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது வடை. மசால்வடையைக் கொக்கியில் ஆழமாகக் குத்த வேண்டும். ஓரத்தில் தொங்கவிட்டால் எலி முன்பற்களால் நோகாமல் கொறித்தே முடித்துவிடும். கொக்கியும் அசையாது, கதவும் விழாது. காலையில் நமக்கு மிஞ்சுவது ஒரு மிளகாய்த் துண்டுதான். வடைக்கு மசியாத எலியைச் சுட்ட கருவாடு இழுத்துவரும்.

பொறியில் உள்ள சங்கடம் பிடித்த பிறகுதான் தொடங்குகிறது. அடுத்த தெருவில் விட்டால் எலி திரும்பி வந்துவிடும். வீடும் வயலும் இல்லாத இடமாகப் பார்த்துத் தொலைவில் விட வேண்டும். கூண்டை வெறுங்கையால் தொடக் கூடாது; எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும்.

பசை அட்டையை நான் வெறுக்கிறேன். எலி சட்டென்று சாகாமல் மணிக்கணக்கில் துடிக்கும். பல்லியும் ஓணானும் அதில் சிக்கும். இந்திய விலங்குகள் நல வாரியமே இதற்கு எதிராக அறிவுறுத்தியிருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருந்து, பல்லி ஒட்டிக்கொண்டால், பிடித்து இழுக்காமல் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பசை இளகும்.

எலி மருந்து விஷயத்தில், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறோம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி மருந்துப் பசை மனிதர்களின் கல்லீரலை அழிக்கக் கூடியது; அதற்கு மாற்று மருந்து கிடையாது. தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்ததை மனதார வரவேற்கிறேன். புரோமாடியோலோன் வில்லைகள் வேறு வகை. அவை ரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாட்கள் கழித்தே கொல்லும். அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. திறமையான மருந்துதான். ஆனால் எலி எங்கே போய்ச் சாகும் என்பதை எலியே முடிவு செய்கிறது. பெரும்பாலும் பீரோவுக்குப் பின்னால் அல்லது பொய்க் கூரைக்குள் போய்ச் சாகும். அப்புறம் வீடு முழுக்க நாற்றம்தான். அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் ஆபத்து வேறு.

பூனை நல்ல துணை. சுண்டெலியை விரட்டிவிடும். பெருச்சாளி எதிரே வந்தால் பல பூனைகள் கௌரவமாக ஒதுங்கிவிடும். அதற்காகப் பூனையைக் குறை சொல்ல மாட்டேன்.

இடையில் ஒரு வேண்டுகோள்: கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும் நீண்ட மூக்குக்காரரைப் பிடித்துவிடாதீர்கள். அவர் மூஞ்சூறு. அரிசிக்கு வந்தவர் அல்லர், கரப்பான் தின்ன வந்தவர்.

பொறி ஜெயித்தாலும், வழி திறந்திருந்தால் அடுத்த எலி வந்துவிடும். விரல் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குத் தாராளம். ஓட்டைகளைக் கண்ணாடித் தூள் கலந்த சிமெண்டால் அடையுங்கள், குளியலறைச் சாக்கடைக்கு இரும்புச் சல்லடை போடுங்கள், மாடியைத் தொடும் மாமரக் கிளையை வெட்டுங்கள். வடைச் செலவு அதன்பிறகு நமக்கு மட்டும்தான்.