ஜோபர்க் குளிர்காலமும் பைக் பேட்டரியும்: சார்ஜர் மாட்டி வைத்த அனுபவம்

ஐரோப்பாவில் பனி கொட்டும் மாதங்கள் முழுக்க பைக்கை மூடி வைத்துவிடுவார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் அவ்வளவு மோசம் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலையில் விரல் விறைக்கும், புல்மேல் உறைபனி படியும். மதியம் ஆனால் ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்கு வெயில் அடிக்கும். இருட்டோடு வேலைக்குக் கிளம்புகிறவன் என்பதால் அந்த மூன்று மாதமும் நான் காரில்தான் போவேன். மூன்று மாதம்தானே, பேட்டரி தாங்காதா என்று ஊரிலிருந்து கேட்பார்கள். தாங்காது. அதற்குக் குளிரைவிடப் பெரிய காரணம் டிராக்கர், அதாவது வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் கருவி.

இங்கே பைக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனால் டிராக்கர் இருக்கிறதா என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். திருட்டு அப்படி. சீட்டுக்கு அடியில் ஒளித்து வைக்கும் அந்தச் சின்னப் பெட்டி, சாவியை எடுத்த பிறகும் தூங்குவதில்லை. அதோடு கடிகாரம், அலாரம், இ.சி.யு. எனும் எஞ்சின் கணினியின் நினைவகம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். என் பைக்கில் மல்டிமீட்டரை நடுவில் இணைத்துப் பார்த்தபோது 9 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்க ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 0.2 ஆம்பியர்-அவருக்கு (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-அவர்) சற்று மேல். பேட்டரியோ மொத்தமே 8 ஆம்பியர்-அவர். மூன்று வாரம் முடிவதற்குள் பாதி காலி. பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்குச் சில சதவீதம்தான், இதன் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

குளிருக்கும் பங்கு உண்டு, வேறு விதத்தில். பூஜ்ஜியம் டிகிரி பக்கம் போனால் லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி, செல்ஃப் மோட்டார் அதிக கரண்ட் கேட்கும். பாதி இறங்கிய பேட்டரி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ‘டக் டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். பழைய பைக் என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் ஓடவே கரண்ட் வேண்டும்; பேட்டரி முழுக்க இறங்கியிருந்தால் எத்தனை பேர் தள்ளினாலும் பிரயோஜனம் இல்லை.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாமே என்பார்கள். கழற்றலாம். கழற்றிய கொஞ்ச நேரத்தில் டிராக்கர் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும்: “உங்கள் வண்டியில் பேட்டரி துண்டிக்கப்பட்டிருக்கிறது, எல்லாம் சரிதானா?” பதில் சொல்லி முடித்தாலும், டிராக்கருக்குள் இருக்கும் குட்டி பேட்டரி தீர்ந்த பிறகு வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரரிடம் என்ன பேசுவது? அதனால் பேட்டரி வண்டியிலேயே இருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியபடியே இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு தூத்துக்குடி அண்ணனின் வைத்தியம் வேறு. “தம்பி, வாரம் ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஆன் பண்ணி விட்ருங்க, போதும்.” அவர் பேச்சைத் தட்ட மனமில்லை என்றாலும் இது உதவாது. ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் தருவது கொஞ்சம். செல்ஃப் எடுத்ததை ஈடுகட்டவே அது பத்தாமல் போகலாம். போதாக்குறைக்கு சூடேறாத எஞ்சினிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும். அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட்டினால்தான் கணக்கு.

சார்ஜர் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பயன்படுத்தியது ஒரு மலிவு மாடல், பெயர் வேண்டாம். சார்ஜ் நன்றாகவே ஏற்றும். ஆனால் மாட்டியதும் ஒரு பட்டனை அழுத்தி ‘பைக்’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 2023-இல் இங்கே லோட் ஷெடிங் (மின்பற்றாக்குறையால் முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) ஸ்டேஜ் 6 வரை போனது; ஸ்டேஜ் ஏற ஏற நிறுத்தமும் கூடும், ஒரு நாளில் பல தடவை கரண்ட் போகும். ஒவ்வொரு முறை கரண்ட் திரும்பி வரும்போதும் அந்தச் சார்ஜர் விளக்கை மட்டும் எரியவிட்டு, நான் வந்து பட்டனை அழுத்துவேன் என்று சும்மா காத்திருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் அதுவே பேட்டரியிலிருந்து சில மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது என்பதும் மீட்டரில் தெரிந்தது. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இதை மாட்டிவிட்டுப் போவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் வாங்கியதுதான் இப்போதும் இருக்கும் ஆப்டிமேட், பெல்ஜியக் கம்பெனியுடையது. கரண்ட் வந்ததும் தானே பேட்டரியைச் சோதித்து, தானே தொடங்கிவிடும். நிறைந்த பிறகு அரைமணி நேரம் மெல்லிய சார்ஜ், அரைமணி நேரம் ஓய்வு என்று மாறி மாறிப் போகிறது. இதனால் வாரக்கணக்கில் மாட்டியே வைத்தாலும் பேட்டரி சூடாவதில்லை. என்னுடையது ஏ.ஜி.எம்., அதாவது ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்து மூடிய லெட்-ஆசிட் பேட்டரி. தேவைக்கு மேல் ஏற்றினால் அதற்குள் இருக்கும் கொஞ்ச ஈரமும் வற்றிவிடும், மேலே தண்ணீர் ஊற்ற வழியும் கிடையாது. நிறைந்த பிறகும் நிற்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கும் பழைய காலத்து டிரிக்கிள் சார்ஜர்களை நான் தவிர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: சராசரியாக 3 வாட் இழுக்கிறது என்று வைத்தாலும் மாதம் இரண்டு யூனிட் சொச்சம். ப்ரீபெய்ட் மீட்டரில் கண்ணுக்கே தெரியாது. சர்ஜ் பிளக் ஒன்றை மட்டும் அவசியம் நடுவில் போடுங்கள். கரண்ட் திரும்பும் நொடியில் வரும் எகிறலில் செத்த பொருட்கள் இந்த ஊரில் ஏராளம். 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் நின்று, பத்து மாதம் நிம்மதியாக இருந்து, 2025 ஜனவரி முடியும்போது மறுபடி தலைகாட்டியது. அது இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று ஏதாவது வரும்.

எப்படி இருக்கிறது பேட்டரி? நாலு குளிர்காலம் தாண்டியும் அதே பேட்டரிதான். சார்ஜரைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டு மறுநாள் அளந்தால் 12.8 வோல்ட் நிற்கிறது. கழற்றிய உடனே அளந்து 13-க்கு மேல் காட்டுகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அது மேலோட்டமான சார்ஜ், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். 12.4 என்றால் முக்கால் அளவு, 12 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட காலி. அந்த நிலையில் வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகும், பிறகு எந்தச் சார்ஜராலும் முழுசாக மீட்க முடியாது.

டர்பனில் இருக்கும் நண்பருக்குக் குளிர்ப் பிரச்சினையே கிடையாது. அங்கே எதிரி கடல்காற்று. டெர்மினலில் பச்சை பூத்துவிடும். வாஸ்லின் தடவச் சொன்னேன், சரியாகிவிட்டது. அவர் லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா என்று யோசிக்கிறார். டர்பனில் தாராளமாக மாறலாம். ஜோபர்க்கில் கராஜ் இல்லாமல் வெளியே நிறுத்துபவர்கள் யோசிக்க வேண்டும்: லித்தியத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் கெடும், ஜூலை இரவுகளில் அந்தக் குளிர் இங்கே வரும். சார்ஜரும் லித்தியத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சல்ஃபேட்டை உடைக்க அதிக வோல்டேஜ் தள்ளும் மாடலை அதில் மாட்டக் கூடாது.

காம்ப்ளெக்ஸில் கார்போர்ட் (சுவரில்லாத கூரை) மட்டும் உள்ளவர்கள், பிளக் பாயிண்டே இல்லை என்கிறவர்கள், 10 வாட் சோலார் பேனலும் ஒரு குட்டி ரெகுலேட்டரும் போட்டுப் பார்க்கலாம். ஜோபர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலம்தான் மழையில்லாத காலம், வெயில் தாராளம். டிராக்கர் குடிப்பதைவிட அதிகமாகவே வரும். கேப் டவுனில் இருப்பவர்கள் இதை நம்ப வேண்டாம், அங்கே மழையே குளிர்காலத்தில்தான். பேனலை போல்ட் போட்டு இறுக்குங்கள். சும்மா சாய்த்து வைத்தால் பைக் இருக்கும், பேனல் இருக்காது.