ஏலத்தில் எடுத்த மின்கருவிகள்: ஐந்து வருடக் கணக்கு

2020 நவம்பரில் இணைய ஏலத்தில் முதன்முதலாக ஒரு வட்டவாள் எடுத்தேன். மக்கிட்டா 5007, ஏழேகால் அங்குலத் தகடு, வயரில் ஓடுவது. 60 டொலருக்கு விழுந்தது. இந்த ஐந்து வருடத்தில் ஒன்பது நிலக்கீழறைகளுக்கு மரச் சட்டம் வெட்டியது அந்த வாளால்தான். 2023இல் காபன் பிரஷ் (மோட்டாருக்குள் தேயும் கரித் துண்டு) ஒரு சோடி மாற்றினேன். தகடுகளை விட்டால் வேறு ஒரு சதமும் அதற்குச் செலவழிக்கவில்லை. அந்த முதல் குளிர்காலத்தில் ஏலத்திலேயே எடுத்த பற்றறி டிரில் பெட்டி ஒன்று எட்டு மாதம்தான் தாக்குப்பிடித்தது. "ஏலத்தில் மலிவாமே, எடுக்கலாமா?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த இரண்டு சாமான்களுக்கும் இடையில்தான் கிடக்கிறது.

நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். கிழமை நாட்களில் வேறு வேலை. சனி ஞாயிறில் தெரிந்தவர்களின் வீடுகளில் நிலக்கீழறை முடித்துக் கொடுப்பது, சமையலறை அலுமாரி போடுவது. 2020இல் கொரோனாவால் மண்டபத்தில் நடந்த ஏலங்கள் இணையத்துக்கு மாறின. நேரம் பதிந்து, போய் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அப்போது தொடங்கியது. இன்றைக்கு என் கொப்பியில் 43 லொட் (ஏலத்தில் ஒரே இலக்கத்தில் விற்கும் சாமான்) பதிந்திருக்கிறேன்: விழுந்த விலை, கட்டின விலை, அந்த மாதம் கடையில் என்ன விலை, பிறகு சாமானுக்கு என்ன நடந்தது. இந்தக் கொப்பி இல்லாவிட்டால் நானும் எல்லாவற்றையும் இலாபம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

முதலில் விலை. திரையில் தெரிவது நீங்கள் கட்டப்போகிற காசு இல்லை. விழுந்த விலைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் ஒரு கட்டணம் எடுக்கும். நான் போகும் இடங்களில் அது 15 முதல் 20 வீதம் வரை. அந்தக் கூட்டுத்தொகையின் மேல் ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரி. 80 டொலருக்கு ஒரு சாமான் விழுகிறது, கட்டணம் 17 வீதம் என்று வையுங்கள். 93.60 ஆகிறது, வரியோடு 105.77. அதனால் நான் எதற்கும் விலை கேட்க முதலும் மனதுக்குள் 1.32ஆல் பெருக்கிவிடுவேன். அப்புறம் பெற்றோல். ஒஷாவா என்றால் பெரிய செலவில்லை. கேம்பிரிட்ஜ் வரை 401 நெடுஞ்சாலையில் போய்வருவது இருநூறு கிலோமீற்றருக்கு மேல், அதுவும் அவர்கள் சொன்ன நேரத்தில் போகவேண்டும்.

அடுத்தது, எந்த விலையோடு ஒப்பிடுவது. பெட்டியில் அச்சடித்த விலையோடு ஒப்பிட்டால் எல்லாமே பாதி விலை போலத் தெரியும். இங்கே தந்தையர் தினத்துக்கும் நவம்பர் கடைசியில் வரும் கறுப்பு வெள்ளிக்கும் கடைகள் பற்றறிக் கருவிகளை நன்றாகக் குறைத்துப் போடும்; ஒரு பெட்டி வாங்கினால் ஒரு கருவி இலவசம் என்றும் வரும். கனேடியன் டயர் என்ற கடையில் அவர்களுடைய சொந்தப் பெயரில் வரும் சாமான்கள் வருடம் முழுக்க மாறி மாறி மலிவுக்கு வரும். அந்த மலிவு விலைதான் உண்மையான விலை. ஏலத்தில் எல்லாம் சேர்த்து அதில் மூன்றில் இரண்டுக்குக் கீழே கிடைக்காவிட்டால் நான் விட்டுவிடுகிறேன், ஏனென்றால் கடையில் வாங்கினால் உத்தரவாதம் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கலாம். ஏலத்தில் உள்ளது உள்ளபடி, கிடந்த இடத்தில் கிடந்தபடி. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஓடவில்லை என்று கதைக்க ஒருவரும் இல்லை.

சரி, அந்த டிரில் பெட்டி. டிரிலும், திருகாணி முடுக்கும் இம்பாக்ட் டிரைவரும், இரண்டு பற்றறியோடு. "வாடிக்கையாளர் திருப்பியது, சோதிக்கப்படவில்லை" என்று போட்டிருந்தார்கள். படத்தில் மூடிய பெட்டி மட்டும்; பெட்டியில் பற்றறியின் கொள்ளளவு 5 ஆம்பியர் மணி என்று இருந்தது. 140க்கு விழுந்து, 185 கட்டினேன். உள்ளே இருந்தவை 2 ஆம்பியர் மணிப் பற்றறிகள், அதில் ஒன்று சார்ஜ் ஏறவே இல்லை. யாரோ புதிய பற்றறியை எடுத்துக்கொண்டு தங்களுடைய பழையதை வைத்துக் கடையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று கிழமையில் அதே பெட்டி 199க்குக் கடையில் வந்தது. எட்டாம் மாதம் டிரைவரின் மின்னணுப் பலகை போனது. உத்தரவாதம் கேட்டபோது, அங்கீகரித்த கடையின் பற்றுச்சீட்டு வேண்டும், ஏலச் சீட்டுச் செல்லாது என்றார்கள்.

இதற்குப் பிறகுதான் பற்றறி பற்றி வடிவாகப் படித்தேன். இங்கே 20 வோல்ட் மாக்ஸ் என்று விற்கிற டிவால்ட்டும், 18 வோல்ட் என்று விற்கிற மக்கிட்டா, மில்வோக்கியும் உள்ளே ஒன்றுதான்: தொடராக ஐந்து லிதியம் கலங்கள். முழுச் சார்ஜில் கலத்துக்கு 4.2 வோல்ட், ஆகவே 21. ஓடும்போது சராசரி 3.6, ஆகவே 18. ஐரோப்பாவில் டிவால்ட்டும் அதை 18 என்றே விற்கிறது. ஆகவே 20 என்பதைப் பார்த்துக் கூடக் கேட்கத் தேவையில்லை. பார்க்கவேண்டியது எத்தனை கலம் என்பது. 2 ஆம்பியர் மணிப் பற்றறியில் ஐந்து, 5 ஆம்பியர் மணியில் வழக்கமாகப் பத்து. கலம் ஒன்று ஏறத்தாழ 45 கிராம். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும், பாரமில்லாத "5" என்றால் போலி என்று சந்தேகியுங்கள். கிடங்கில் கிடந்து அடிமட்டத்துக்கு இறங்கிய பற்றறியைச் சார்ஜர் ஏற்காது. அதை வேறு வழியில் உசுப்பிச் சார்ஜ் ஏற்றக் காட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள், வீட்டுக்குள் தீப்பிடிக்கக்கூடிய சாமான் அது.

என் கொப்பியில் திருப்பிய சாமான் லொட்டுகள் 17. அதில் இன்றைக்கும் ஓடுவது ஏழு. மூடப்படும் பட்டறைகளிலிருந்தும், வேலையை விட்டு ஓய்வெடுக்கும் ஆட்களிடமிருந்தும் வந்தவை 26. அதில் 23 இன்னும் ஓடுகிறது. இது என் கையில் வந்த கணக்கு மட்டும்தான், ஆனால் காரணம் விளங்கக்கூடியது. திருப்பிய சாமானை யாரோ ஒரு காரணத்துக்காகத்தான் திருப்பினார்கள். பட்டறைச் சாமான் போன கிழமை வரைக்கும் உழைத்தது.

2022 வசந்தத்தில் ஒஷாவாப் பக்கம் ஓர் அலுமாரிப் பட்டறையை மூடினார்கள். அங்கே மரத்தில் பள்ளம் வெட்டும் ஒரு பொஷ் 1617 ரவுட்டரும், டிவால்ட் 735 சீவுளி இயந்திரமும் எடுத்தேன். ஏற்றப் போனபோது உரிமையாளரே நின்றார், எழுபது வயது இருக்கும். சீவுளியின் கத்திகள் இரண்டு பக்கமும் கூரானவை, தேய்ந்தால் திருப்பிப் போடலாம். மாசியில் திருப்பினது, இன்னும் ஒரு வருடம் வரும் என்றார். மேலே செருகி வைக்கிற 'டி' வடிவச் சாவி படத்தில் இல்லை, நானும் அது இல்லை என்று வைத்துத்தான் விலை கேட்டிருந்தேன். மனிதர் லாச்சியைத் திறந்து அதை எடுத்துத் தந்தார். ரவுட்டரின் தாங்கி (பெயரிங்) இரண்டு வருடத்துக்கு முதல் மாற்றினது என்று சொல்லி, எந்தப் பக்கத்தால் கழற்றவேண்டும் என்றும் காட்டினார். ஒரு சாமானின் முழுச் சரித்திரத்தையும் அதை உழைப்பித்தவர் வாயால் கேட்டுக்கொண்டு வாங்குவது எந்தக் கடையிலும் கிடைக்காது. அன்றைக்கு அரை மணித்தியாலம் கதைத்துவிட்டுத்தான் வந்தேன்.

வயரில் ஓடும் பழைய சாமானை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், திருத்தலாம். பிரஷ் வைத்த மோட்டாரில் தேய்வது பிரஷ், தாங்கி, சுவிட்ச், வயர். நாலும் வாங்கலாம், நாலையும் வீட்டிலேயே மாற்றலாம். பிரஷ் இல்லாத புதிய மோட்டார் நல்லது, கனகாலம் ஓடும், பற்றறியும் மிச்சம். ஆனால் அதன் பலகை போனால் திருத்தும் செலவில் புதுக் கருவி வாங்கலாம். அதை உத்தரவாதத்தோடு கடையில் வாங்குவதுதான் சரி.

பார்க்கப் போகும்போது இலங்கையில் மின்சார வேலை செய்த ஒரு அண்ணையைக் கூட்டிக்கொண்டு போவேன். "தம்பி, பிளக்கைக் குத்த முதல் கையால சுத்திப் பாரும். பிறகு ஓடவிட்டுக் காதைக் குடும்" என்பார். கையால் சுற்றும்போது கரகரத்தால் தாங்கி போயிருக்கும். ஓடும்போது காற்றுத் துளைக்குள்ளால் பார்த்தால் பிரஷுக்குக் கிட்டச் சின்னப் பொறி இருப்பது வழமை. நெருப்பு வளையம் போலச் சுற்றினால் வேண்டாம். கருகிய வார்னிஷ் மணம் வந்தாலும் வேண்டாம்.

கிரைண்டர் எடுத்தால் காவல் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ஏலத்தில் வரும் கிரைண்டர்களில் அதைக் கழற்றி எறிந்தவைதான் கூட. நாலரை அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். அந்த வேகத்தில் வட்டு உடைந்தால் முகத்துக்குத்தான் வரும். காவல் தகடு வாங்கிப் பூட்டும் வரைக்கும் நான் அதைத் தொடமாட்டேன். பெட்டி பெட்டியாக வெட்டும் வட்டுக்கள் சேர்த்து வந்தால் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதி இருக்கும், அதையும் பாருங்கள்.

மாடல் இலக்கத்தை மீளழைப்புப் பட்டியலிலும், அதாவது குறைபாட்டால் நிறுவனம் திரும்ப அழைத்தவற்றின் பட்டியலிலும், தேடவேண்டும். 2022இல் டிவால்ட்டின் 12 அங்குலச் சறுக்கு வாள்கள் டிடபிள்யூஎஸ்779, டிடபிள்யூஎஸ்780 இரண்டும் பின்காவல் உடைந்து கழன்று விழலாம் என்று மீளழைக்கப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 14 லட்சம். இப்படிப்பட்டவை ஏலத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், விற்பவர் சொல்லமாட்டார். தொடர் இலக்கம் சுரண்டியிருந்தால் களவுச் சாமான் என்று நினைத்து விலகுங்கள். மில்வோக்கியின் ஒன்-கீ என்ற தொலைபேசிச் செயலியோடு இணையும் கருவிகளை உரிமையாளர் தொலைபேசியாலேயே பூட்டிவிடலாம், பூட்டினது ஓடாது.

ஊருக்கு அனுப்ப எடுக்கிறவர்களுக்கு ஒன்று. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் என் சின்ன மாமா தச்சுவேலை செய்கிறார், ரவுட்டர் கேட்டார். கனடாச் சாமான் 120 வோல்ட், அங்கே 230. நேராகக் குத்தினால் எரிந்துபோகும். தகுந்த டிரான்ஸ்போர்மர் வேண்டும், அது பாரமும் விலையும். அதனால் மாமாவுக்கு மக்கிட்டா 18 வோல்ட் பற்றறி ரவுட்டரை வெறும் உடம்பாக, அதாவது கருவியை மட்டும், ஏலத்தில் எடுத்துக் கொண்டுபோனேன், 230 வோல்ட் சார்ஜரைக் கொழும்பில் வாங்கினோம். பற்றறியைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்கவேண்டும். விமானத்தில் 100 வாற் மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 18 வோல்ட் 5 ஆம்பியர் மணி என்றால் 90, சரி. 6 என்றால் 108, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்கவேண்டும்.

போன கிழமை ஒரு மேசை வாளுக்கு 260 வரை கேட்டு நிறுத்தினேன். அங்கே கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் இன்னும் மூன்று நிமிடம் நீளும், அப்படி நீண்டு நீண்டு 410க்குப் போனது. எல்லாம் சேர்த்து 542. எனக்கு மேசை வாள் இன்னும் தேவைதான். பீட்டர்பரோவில் மூடப்படும் ஒரு பட்டறையின் பட்டியலில் ஒன்று இருக்கிறது, ஞாயிறு இரவு முடிகிறது. சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். அண்ணை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.