மாலத்தீவைப் படிக்க எந்த நூல்? பெல், மலோனி, ரொமேரோ-ஃப்ரியாஸ்

மாலத்தீவைப் பற்றி ஆங்கிலத்தில் ஆழமாகப் படிக்க விரும்புவோர் முன் மூன்று நூல்கள் வந்து நிற்கும். இலங்கையில் பணியாற்றிய தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் எழுதி, அவர் மறைந்து மூன்று ஆண்டு கழித்து 1940இல் கொழும்பில் வெளியான வரலாறு, தொல்லியல், கல்வெட்டு பற்றிய பெருநூல் ஒன்று. கிளாரன்ஸ் மலோனியின் 'பீப்பிள் ஆஃப் தி மால்டிவ் ஐலண்ட்ஸ்' (சென்னை, 1980) இன்னொன்று. மூன்றாவது, சேவியர் ரொமேரோ-ஃப்ரியாஸின் 'தி மால்டிவ் ஐலண்டர்ஸ்' (பார்சலோனா, 1999). மூன்றும் ஒரே நாட்டைப் பற்றியவை என்றாலும் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. எது எதற்கு உதவும் என்று தெரியாமல் வாங்கினால் பாதியில் மூடி வைக்க நேரும்.

ஒரே கேள்வியை மூன்றிடமும் கேட்டுப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். மாலத்தீவு பௌத்தத்திலிருந்து இஸ்லாத்துக்கு மாறியது எப்படி?

பெல் இதை ஆவணங்களின் சிக்கலாக எடுத்துக்கொள்கிறார். மதமாற்றம் நடந்தது 1153இல் என்பது மரபான கணக்கு. அதை நடத்தியவர் வட ஆப்பிரிக்காவின் மக்ரிபைச் சேர்ந்த அபுல் பரகாத் அல்-பர்பரி என்கிறார் 14ஆம் நூற்றாண்டில் தலைநகர் மாலேயில் காஜியாக (நீதிபதியாக) இருந்த பயணி இப்னு பதூதா. ஹசன் தாஜுத்தீன் அரபியில் தொடங்கிய 'தாரிக்' என்னும் அரச வரலாறோ பாரசீகத்தின் தப்ரீஸைச் சேர்ந்த ஒரு பெரியவரைச் சொல்கிறது. இப்படி மோதும் சான்றுகளை அடுக்கி, மன்னர் வரிசையோடும் ஆண்டுகளோடும் பொருத்திப் பார்ப்பதுதான் பெல்லின் பலம். யார் ஆண்டார், எத்தனை ஆண்டு, எந்தச் செப்பேட்டில் என்ன இருக்கிறது என்று தேடுபவர் இந்நூலைத் தவிர்க்க முடியாது. மக்கள் என்ன உண்டார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்ற கேள்விகளுக்கு மட்டும் இதில் அதிகம் கிடைக்காது.

அதே நிகழ்வுக்கு ரொமேரோ-ஃப்ரியாஸ் கதை வழியாக வருகிறார். மாதந்தோறும் கடலிலிருந்து வந்து ஒரு கன்னியைப் பலி கேட்ட ரன்னமாரி என்னும் பூதத்தின் கதை அது. இப்னு பதூதாவே பதிவு செய்தது. இன்றும் மாலத்தீவுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதன் அடியில் இருக்கும் கடல் அச்சம், பெண் தெய்வ நம்பிக்கை, ஃபண்டித்த என்னும் மந்திரவாதம் ஆகியவற்றைத் தோண்டிக் காட்டுகிறார். பல ஆண்டுகள் தீவுகளில் வாழ்ந்து, மாலத்தீவு மொழியான திவெஹி பேசிப் பழகி எழுதியவர் என்பதால் தகவல்கள் நுணுக்கமானவை. ஆனால் தென்னிந்தியக் கிராமத் தெய்வ வழிபாட்டோடு அவர் காட்டும் ஒப்புமைகளில் சில பாய்ச்சல்கள் உண்டு. அவர் தரும் செய்தியை நம்பலாம். அதற்குத் தரும் விளக்கத்தை ஒரு கருதுகோளாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் சோதிக்க ஒரு மூலச்சான்று இருக்கிறது. 1190களில் எழுதப்பட்ட இஸ்தூ, தன்பிதூ செப்பேடுகள் மதமாற்றத்துக்கு நாற்பது ஆண்டுகளே பிந்தியவை. தெற்குத் தீவுகளின் பௌத்தத் துறவிகள் மாலேக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டதை இஸ்தூ ஏடு சொல்கிறது. அமைதியாக நடந்த மாற்றம் என்று எந்த நூலிலாவது படித்தால் இந்த ஏட்டை நினைவில் கொள்ளுங்கள்.

மலோனியின் அக்கறை வேறு. 1970களில், சுற்றுலா வாழ்க்கையைப் புரட்டிப் போடுவதற்கு முன், கண்ட சமூகத்தை மானுடவியலாளராக எழுதினார். குடும்பம், மணமுறிவு, சாதி போன்ற அடுக்குகள், கிராவரு என்னும் பழங்குடி மக்கள் என்று எதை எடுத்தாலும் தெளிவாக இருக்கும். முதல் நூலாக ஒன்றே ஒன்றை வாங்குவதானால் இதையே வாங்கலாம்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. உறவுமுறைச் சொற்கள், இடப்பெயர்கள், நம்பிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டு, பழைய தமிழ்–மலையாள அடித்தளம் ஒன்று மாலத்தீவில் உண்டு என்கிறார் மலோனி. நமக்குப் பிடித்துப்போகும் கருத்துதான். ஆனால் திவெஹி திராவிட மொழி அல்ல. சிங்களத்தோடு சேர்ந்த இந்தோ-ஆரிய மொழி. அடித்தளம் என்பது வேறு, மூலம் என்பது வேறு. மலோனியை மேற்கோள் காட்டித் "திவெஹி தமிழிலிருந்து பிறந்தது" என்று எழுதினால் அவர் சொல்லாததைச் சொன்னதாகிவிடும். நட்சத்திரப் பெயர்களையே பாருங்கள். பருவங்களைக் கணக்கிட மாலத்தீவு மீனவர்கள் வைத்திருக்கும் நாள்வரிசையில் நம் ரோகிணி ரோனு, பூசம் ஃபுஸ், மகம் மா, பூரம் ஃபுரா, மூலம் முல. பார்த்ததும் தமிழ் என்று தோன்றும். உண்மையில் இவை வடமொழிப் பெயர்கள். இரு பக்கமும் தனித்தனியே உருமாறியவை.

அந்த 'ப' எங்கே 'ஃப' ஆயிற்று என்பதற்கு மொழி நூல்களுக்குத்தான் போக வேண்டும். வில்ஹெல்ம் கைகரின் ஆய்வு (1919) முன்னோடி. ஆனால் திவெஹியைச் சிங்களத்தின் பிந்தைய கிளையாக அவர் கண்ட பார்வையை இன்று அப்படியே ஏற்பதில்லை. கெய்னும் கெய்ரும் 2000இல் எழுதிய சிறு நூல் இன்றைய வழக்கின் இலக்கணச் சுருக்கம். ஓரிரு நாளில் முடித்துவிடலாம், தொடக்கத்துக்கு அது போதும். சோன்யா ஃப்ரிட்ஸின் இரு தொகுதிகள் (2002) தெற்கு வட்டாரமான அத்து, ஃபுவமுலா பேச்சுகளையும் வரலாற்று இலக்கணத்தையும் சேர்த்தவை. மொழியியல் பயிற்சி இல்லாமல் இதைத் திறந்தால் களைப்புத்தான் மிஞ்சும். ஒலிமாற்றத்தின் காலத்துக்கு ஓர் அழகான சான்று: 1602இல் கப்பல் உடைந்து சிக்கிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பிரார், இன்றைய ஃபுளதூ தீவை 'ப' ஒலியோடு எழுதிவைத்திருக்கிறார்.

இனி, நூல்களை அருகருகே வைத்துப் படிக்கும்போது உண்மையில் கால் இடறும் இடம் ஊர்ப்பெயர். மாலத்தீவில் கன் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தீவுகள் உண்டு. பெல் 1922இல் லாமு அட்டோலின் (அட்டோல் என்பது வளையமாக அமைந்த தீவுக்கூட்டம்) கன்னிலும் ஆய்ந்தார், அத்துவின் கன்னிலும் ஆய்ந்தார். பின்னாளில் பிரித்தானிய விமானத் தளம் எழுந்தது அத்து கன்னில். பெல் விவரிக்கும் இடிபாட்டு மேட்டை விமானத் தளத்து வரைபடத்தில் தேடும் முன் எந்தக் கன் என்று பாருங்கள். ஹிததூ என்ற தீவும் இந்த இரண்டு அட்டோல்களிலும் உண்டு. குறிப்பெடுக்கும்போது தீவின் பெயரை அட்டோல் பெயரோடு சேர்த்தே எழுதுவது நல்லது.

அட்டோல்களுக்கும் இரட்டைப் பெயர். பெல் ஹத்துன்மதி என்று குறிப்பிடுவது இன்றைய நிர்வாகப் பெயரில் லாமு. நிர்வாகப் பெயர்கள் திவெஹியை எழுதும் தானா எழுத்துகளின் பெயர்கள். வடக்கே 'ஹா'வில் தொடங்கித் தெற்கே 'ஸீனு'வில் முடியும். அகரவரிசை தெரிந்தால் ஓர் அட்டோல் வடக்கா தெற்கா என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

எழுத்துக்கூட்டலும் காலத்துக்குக் காலம் மாறும். பெல் உயிரெழுத்தின் மேல் குறியிட்டு நீட்டம் காட்டுவார். திவெஹியை ரோமன் எழுத்தில் எழுத 1976இல் வந்த முறையோ குறிகளை விட்டு எழுத்துகளை இரட்டிக்கிறது. அரசு 1978இல் தானாவுக்குத் திரும்பிய பிறகும், ஊர்ப்பெயர்களை ரோமனில் எழுத அந்த முறையே நிலைத்தது. அதில் எல்லுக்குப் பின் எச் வந்தால் நம் 'ள'; டி, எச், இரண்டு ஓ சேர்ந்தால் 'தூ', தீவு என்று பொருள்படும் ஈறு. பெல் நூலின் பெயர்ச் சுட்டியில் இன்றைய எழுத்துக்கூட்டலைத் தேடினால் பாதிப் பெயர்கள் அகப்படாது. குறியையும் இரட்டிப்பையும் நீக்கி ஒலியை வைத்துத் தேடுங்கள்.

தோர் ஹெயர்தாலின் 1986 நூலையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். விறுவிறுப்பானது, அகழாய்வு விவரங்களுக்காகப் புரட்டலாம். பழங்காலக் கடலோடிகளான சூரிய வழிபாட்டினர் பற்றிய அதன் முடிவுகளைச் சான்றாக எடுக்க வேண்டாம்.

பெல்லை வாங்கும் முன் தலைப்பை முழுமையாகப் படியுங்கள். 1883இல் அச்சான அறிக்கை, 1921இல் வந்த மாலே பயண அறிக்கை, 1940 பெருநூல் மூன்றுமே 'மால்டிவ் ஐலண்ட்ஸ்' என்றுதான் தொடங்கும். தெற்குத் தீவுகளின் பௌத்த இடிபாடுகள் கடைசி நூலில்தான் உள்ளன.