பழைய ஷிம்மா, அளந்து போட்ட ஷிம்மா?

கியர்பாக்ஸைப் பிரித்து டிஃபரன்ஷியலின் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பேரிங் இரண்டையும் புதிதாகப் போடும்போது மதுரைப் பட்டறைகளில் இரண்டு வழி சொல்வார்கள். பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய உலோக வளையம்தான் ஷிம்; பழைய ஷிம்மையே திரும்ப வைத்து மூடுவது ஒன்று. ப்ரீலோடை (பேரிங் ஆடாமல் இருக்க முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கத்தை) அளந்து, பொருத்தமான ஷிம்மைத் தேடிப் போடுவது இன்னொன்று. முன்சக்கரம் இழுக்கும் என் பழைய பெட்ரோல் காருக்கு இரண்டாவதைத்தான் செய்தேன். இனியும் அதையே செய்வேன்.

பழைய ஷிம் பக்கமும் நியாயம் உண்டு. வேலை சீக்கிரம் முடியும், கூலியும் குறைவு. ஆயில் சீலையோ சிங்க்ரோ வளையத்தையோ மட்டும் மாற்றி, பேரிங்கைத் தொடாமல் மூடுவதென்றால் அதுதான் சரி. பால் பேரிங் போட்ட கியர்பாக்ஸுக்கு இந்தப் பேச்சே கிடையாது. கூம்பு வடிவ உருளைகள் உள்ள டேப்பர் ரோலர் பேரிங்குக்குத்தான்.

"கம்பெனியில போட்ட ஷிம்முண்ணே, அதுல என்ன தப்பு வரப்போகுது?" என்பார் மெக்கானிக். கம்பெனி அதைத் தேர்ந்தெடுத்தது பழைய ஜோடி பேரிங்குக்கு. சாதாரண தரத்து டேப்பர் பேரிங்கின் மொத்த அகலம் குறித்த அளவைவிட 0.2 மி.மீ. வரை கூடலாம், அது தர விதியே அனுமதிப்பது. ஷிம்களோ பெரும்பாலும் 0.05 மி.மீ. வித்தியாசத்தில் வருபவை. அதே நம்பர் பேரிங்கை வாங்கினாலும் கணக்கு ஒன்றிரண்டு ஷிம் அளவு தள்ளிப்போக இடமிருக்கிறது.

இதோடு சூடும் சேர்கிறது. கேஸ் அலுமினியம், உள்ளே இருப்பது எஃகு. அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பேரிங்குகளுக்கு நடுவே 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் மூடிய கேஸ் 90 டிகிரிக்குப் போனால், எஃகைவிடச் சுமார் 0.08 மி.மீ. அதிகம் விலகும். பட்டறையில் கைக்கு இறுக்கமாகத் தெரிந்தது சூட்டில் தளர்ந்துவிடலாம். டிஃபரன்ஷியலைச் சுழற்றும் ஃபைனல் டிரைவ் கியரின் பற்கள் சாய்வானவை. ஆக்சிலேட்டரை மிதித்தால் டிஃபரன்ஷியலை ஒரு பக்கம் தள்ளும், காலை எடுத்தால் மறுபக்கம் தள்ளும். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் வண்டியில் வளைவுக்கு வளைவு இதுதான் நடக்கும். ப்ரீலோடு இல்லையென்றால் பற்கள் பொருந்தும் இடம் மாறி ஊளைச் சத்தம் கிளம்பும். பிறகு டிரைவ் ஷாஃப்ட் சீலில் ஆயில் கசியும். பயந்துபோய் அதிகமாக இறுக்கினாலும் ஆபத்துதான்: ரோலர் ஓடும் பாதை செதில் செதிலாக உரியும்.

அளப்பதும் அவ்வளவு பெரிய வித்தை இல்லை. மற்ற ஷாஃப்ட்களை வெளியே எடுத்துவிட்டு டிஃபரன்ஷியலை மட்டும் உள்ளே வைத்து, கேஸ் போல்ட்களை முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்க வேண்டும். பேரிங்கில் கியர் ஆயில் தடவி, ரோலர் உட்காரும் வரை சில சுற்று சுற்றிய பிறகு, சுழலும்போது காட்டும் டார்க்கைப் படிக்க வேண்டும்; ப்ரீலோடைக் காட்டுவது அதுதான். படிக்கும் கருவி முள் காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச். வீல் நட் இறுக்கும் 'டக்' ரெஞ்ச் உதவாது. இங்கே பேசுவது ஒன்றிரண்டு நியூட்டன் மீட்டர்தான். முக்கியமாக, சுற்றும் டூல் டிஃபரன்ஷியலின் நடுவே குறுக்காக இருக்கும் பினியன் ஷாஃப்டைப் பிடிக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் செருகும் சைடு கியர்களில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தால் மறுபக்க கியர் எதிராகச் சுற்றும், டிஃபரன்ஷியல் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த டூலை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவிடலாம். புதிய பேரிங்குக்கு ஒரு டார்க், ஓடிய பேரிங்குக்கு அதைவிடக் குறைந்த டார்க் என்று மேனுவலில் தனித்தனியாக இருக்கும், கலந்துவிடக் கூடாது.

தொல்லை எங்கே என்றால், ஷிம் இருப்பது பேரிங் கப்புக்கு (வெளி வளையத்துக்கு) அடியில். ஒவ்வொரு முறையும் கேஸைப் பிரித்து, கப்பைப் புல்லர் போட்டு இழுக்க வேண்டும். கூலி ஏறுவது இங்கேதான். முதலில் மெல்லிய ஷிம் வைத்து, டயல் கேஜில் எண்ட் ப்ளேயை (அச்சு நெடுக உள்ள ஆட்டத்தை) பார்த்துக்கொண்டால் இந்தச் சுற்று குறையும். டீசல் வண்டி கியர்பாக்ஸில் நான் இதைச் செய்ததில்லை.

சரியான அளவு ஷிம் உடனே கைக்கு வராது; ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்யும் இடத்தில் தடித்த ஷிம்மைத் தேய்த்து வாங்கலாம் என்கிறார்கள். அப்படி வாங்கினால் மைக்ரோமீட்டரில் சுற்றி நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டே உள்ளே போடுங்கள்.