நாட்டுப்புறக் குழுவா, இண்டி பேண்டா: ஒரே நேரத்தில் இரண்டும் வந்தால்?

இசை விழாக்களில் நாட்டுப்புறக் குழு பெரும்பாலும் சிறு கூடாரத்தில்தான் பாடும். ஃபிடில், அக்கார்டியன், குரல் எல்லாம் மென்மையானவை; பக்கத்து மேடையின் பேஸ் ஒலி புகுந்தால் பாட்டின் சொற்களே மூழ்கிவிடும். தாழ்ந்த அதிர்வெண்ணைக் கூடாரத் துணி தடுக்காது. 15 நிமிடம் முன்பே போய் முன்பக்கம் இடம் பிடியுங்கள்.

இண்டி பேண்டுக்கு (பெரிய நிறுவனங்களைச் சாராத சுயேச்சை இசைக்குழு) அந்த அவசரம் இல்லை. மிக்ஸர் மேசைக்குச் சற்று முன்னால், நடுவில் நின்றால் போதும். அந்த மேசையில் இருக்கும் சவுண்ட் இன்ஜினியர் கேட்டுச் சரிசெய்வது ஏறக்குறைய அதே ஒலியைத்தான். விழாக்களில் பல குழுக்களுக்கு முழு சவுண்ட் செக் கிடைக்காது, லைன் செக் (ஒவ்வொரு மைக்கும் கருவியும் வேலை செய்கிறதா என்ற சோதனை) மட்டுமே. அதனால் முதல் ஓரிரு பாட்டில் குரல் அமுங்கிக் கிடக்கும். அதை வைத்துக் குழுவை எடைபோடாதீர்கள்.

நேரம் மோதினால் நாட்டுப்புறக் குழுவை முழுதாகக் கேட்டுவிட்டு, பேண்டின் கடைசி 20 நிமிடத்துக்கு ஓடலாம். பிரபலமான பாட்டுகளைப் பெரும்பாலும் கடைசிக்குத்தான் வைப்பார்கள். மாற்றிச் செய்தால் கூடாரம் நிரம்பி, வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும்.